கோழி கத்தும் இரவுகள்

ஊர்க்கோழி பெண்ணின் கைக்காசு என்று எங்கள் பக்கத்து மூத்த பெண்கள் சொல்வார்கள். அதற்குக் காணி உறுதி தேவையில்லை, பிணை நிற்க ஆள் தேவையில்லை, வட்டி கட்டவும் தேவையில்லை. முற்றத்தில் சிந்தும் நெல்லையும் குசினியில் மிஞ்சுவதையும் கறையானையும் தின்று வளரும். பிள்ளைக்கு ஒரு முட்டை தரும். பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வேண்டிய நாளில் கையில் காசாக நிற்கும். கணவனை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்ட உறவைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், உடல் உறுப்பை இழந்த கணவனைப் பராமரிப்பவர்கள் எனக் குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலருக்கு மீள்குடியேற்றத்தின் பின் முதலில் கிடைத்த சொத்து பத்துக் கோழிக்குஞ்சுகள்தான்.

அந்தச் சொத்து ஒரே இரவில் அழிந்து போவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். கிளிநொச்சி மாவட்டத்தில், பற்றைக்காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் வசிப்பவள் நான். 2010ஆம் ஆண்டு மீளக்குடியேறியதிலிருந்து கோழி வளர்த்து வருகிறேன். எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய வீட்டிலாவது கோழி பறிபோனால் மறுநாள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போய்க் கூட்டைப் பார்ப்போம். எதனால் போனது, எந்த வழியால் வந்தது என்று தேடி, அந்த வழியை அன்றே அடைத்துவிட்டு வருவோம். அப்படிப் பார்த்தும் செய்தும் அறிந்தவற்றை இங்கே சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு கோழியின் பெறுமதியை முதலில் கணக்கிட்டுப் பாருங்கள். ஊர்க்கோழி முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ ஆறு மாதம் செல்லும். பின்பு ஒரு தடவையில் 10 முதல் 15 முட்டை வரை இட்டு, 21 நாட்கள் அடைகாத்து, குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் திரியும். ஒரு தாய்க்கோழியை இழந்தால் அரை வருட உழைப்பும் அடுத்து வரவேண்டிய குஞ்சுகளும் சேர்ந்தே போகின்றன. புதிதாகத் தொடங்குவதற்குப் பலரிடம் கையில் காசு இருப்பதில்லை.

கதவைத் திறப்பதா, விடுவதா?

நடுச்சாமத்தில் கூட்டிலிருந்து கோழிகள் கத்தினால் என்ன செய்வது? ஆண்கள் நிறைந்த வீட்டில் ஒருவர் தடியையும் ரோர்ச்சையும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவார். வளர்ந்த பெண்பிள்ளையுடன் தனித்திருக்கும் தாய் அப்படி ஓட முடியாது. கத்துவது மரநாயைக் கண்டா, அல்லது கதவைத் திறக்க வைப்பதற்காக யாரேனும் கூட்டை ஆட்டுகிறார்களா என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் சங்கத்துத் தங்கச்சி ஒருத்தி ஒருமுறை சொன்னாள்: “கோழி கத்தினால் நான் கதவு திறக்கமாட்டன் அக்கா. போறது போகட்டும் எண்டு பிள்ளையளைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கிடப்பன்.” இதைக் கோழைத்தனம் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. அவள் எடுத்தது சரியான முடிவு. கோழியை விட அவளும் பிள்ளைகளும் பெறுமதியானவர்கள். இருட்டில் வெறுங்காலுடன் ஓடுபவரைப் பாம்பு தீண்டவும் கூடும்.

ஆனால் ஒவ்வொரு முறையும் போகட்டும் என்று விட்டால் வாழ்வது எப்படி? இதற்கு ஒரே வழி, இரவில் கதவைத் திறக்க வேண்டிய தேவையே ஏற்படாத அளவுக்குப் பொழுது சாய்வதற்கு முன் கூட்டைப் பலப்படுத்துவதுதான். இக்கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லா வேலையும் பகலில் செய்யக்கூடியவை. பெரும்பாலானவற்றை ஒரு பெண் தனியாகவே செய்யலாம்.

விலங்குகள் ஏன் இவ்வளவு?

2008ஆம் 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் வீடு வளவுகளை விட்டு இடம்பெயர்ந்தபோது தோட்டங்களும் முற்றங்களும் பற்றையாகிப் போயின. மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. அதுவரை பலரது காணிகளில் ஆள் நடமாட்டமே இல்லை. சில காணிகளுக்கு உரியவர்கள் திரும்பி வரவே இல்லை. ஆளில்லாத வளவிலும் இடிந்த கிணற்றடியிலும் பாழடைந்த வீட்டுக் கூரையிலும் கீரியும் மரநாயும் பாம்பும் தங்கி வாழ்கின்றன. பழமும் எலியும் தவளையும் அவற்றின் இயல்பான உணவு. அவற்றுக்கு நடுவே நாங்கள் வந்து கோழி வளர்க்கும்போது, இலகுவாகக் கிடைக்கும் இரையை அவை விடுமா? அவற்றைக் கொன்று தீர்ப்பது நடக்கிற காரியமில்லை. ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். கூட்டின் ஓட்டை அடைபட்டால் எது வந்தாலும் வெறும் வாயுடன் திரும்பும்.

வந்தது யார்?

இழப்பு நேர்ந்தவுடன் கூட்டைக் கழுவிக் கூட்டிவிட வேண்டாம். முதலில் நின்று பாருங்கள். ஒவ்வொரு விலங்கும் தன் அடையாளத்தை விட்டுச் செல்லும்.

இரவில் பல கோழிகள் கழுத்திலும் தலையிலும் கடிபட்டு இறந்து கிடக்க, ஒன்றிரண்டு மட்டும் தின்னப்பட்டிருந்தால் பெரும்பாலும் மரநாய்தான். அது மரமேறி. கூரை வழியாகவோ, சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளியாலோ இறங்கும். பக்கத்தில் பழ விதைகள் கலந்த எச்சம் கிடந்தால் சந்தேகமே இல்லை. பத்தைக் கொன்றுவிட்டு ஒன்றை மட்டும் தின்பது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. காட்டில் ஒரு பறவையைப் பிடித்தால் மற்றவை பறந்து தப்பிவிடும். பூட்டிய கூட்டில் தப்ப வழியில்லாமல் அவை சிறகடித்துப் பதறுகின்றன. அந்தப் பதற்றம் விலங்கின் வேட்டை உணர்வைத் தூண்டிக்கொண்டே இருப்பதால் அது கடித்துக்கொண்டே போகிறது.

பகலில் முட்டையும் குஞ்சும் காணாமற் போய், வேலியடியில் சிறிய வழி தெரிந்தால் கீரி. இலங்கையில் நான்கு வகைக் கீரிகள் உள்ளன. இவை முக்கியமாகப் பகலில் இரை தேடுபவை. பகலில் உடும்பும் முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும்.

கோதுகூட இல்லாமல் முட்டைகள் முழுதாக மறைந்திருந்தால் பாம்பு என்று எண்ணலாம். நாகமும் சாரையும் முட்டைக்கும் குஞ்சுக்கும் வருபவை. விழுங்க முயன்று முடியாமற் போன குஞ்சு சில வேளை எச்சில் பட்டு நனைந்தபடி கிடக்கும். பற்றைக்காடும் குளமும் அருகே இருந்தால் வெங்கிணாந்தி பெரிய கோழியையே விழுங்கும்.

குஞ்சுகளின் கால்களும் வயிறும் கரம்பப்பட்டிருந்தாலும், வளையின் வாசலில் இறகு கிடந்தாலும் எலியின் வேலை. கோழி முழுதாகக் காணாமற் போய், வேலி வரை இறகு சிந்திக் கிடந்தால் நரியாகவோ காட்டுப்பூனையாகவோ இருக்கலாம். வலை கிழிந்து, கோழிகள் முற்றமெங்கும் கடிபட்டுத் தின்னப்படாமல் கிடந்தால் அநேகமாக ஊர் நாய்கள். தடயமே இல்லாமல் பகலில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தால் வானத்தைப் பாருங்கள். பருந்து, வல்லூறு, காகம்.

இறகு சிந்தாமல், கொண்டி ஒழுங்காகத் திறந்து, நல்ல கோழிகளாகப் பார்த்துப் போயிருந்தால் வந்தது இரண்டு கால் எதிரி. அதற்குப் பூட்டுத்தான் மருந்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். காயம் எதுவும் இல்லாமல், கழுத்து திருகியோ பச்சை நிறமாகக் கழிந்தோ கோழிகள் அடுத்தடுத்து இறந்தால் அது நோய். அவற்றை விற்கவோ சமைக்கவோ கூடாது. ஆழமாகப் புதைத்துவிட்டுக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

கூட்டில் ஓட்டை எங்கே?

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் எங்கள் ஊரில் சில குடும்பங்களுக்குக் கோழிக்குஞ்சும், கூடு அடிக்கக் கம்பிவலையும் வழங்கியது. அந்த வலை இரண்டு அங்குலக் கண் உள்ள மெல்லிய கோழிவலை. கோழி வெளியே போகாமல் அது தடுக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. பாம்பும் எலியும் அதனூடே நுழையும். நாய் பல்லால் இழுத்துக் கிழிக்கும். ஒரு வீட்டில் இரண்டே இரவில் குஞ்சுகள் எல்லாம் முடிந்தன. மூன்று மாதம் கழித்துக் கணக்கெடுக்க வந்தவர் தமது பதிவேட்டில் “கவனிப்புப் போதாது” என்று எழுதிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த உதவியும் கிடைக்கவில்லை. வலையின் கண் அளவு எவருடைய பதிவேட்டிலும் எழுதப்படவில்லை.

ஆகவே வலை வாங்கும்போது அரை அங்குலச் சதுரக் கண் உள்ளதாக, கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். வெல்ட் மெஷ் என்று கேட்டால் கடையில் தருவார்கள். விலை சற்று அதிகம்தான். கூடு முழுவதற்கும் அது தேவையில்லை. கீழிருந்து இரண்டு அடி உயரம் வரைக்கும், காற்றோட்டத்துக்காக விடும் இடங்களுக்கும் அந்த வலையை அடித்தால் போதும். மற்றப் பக்கங்களுக்குப் பலகையோ பழைய தகரமோ இடைவெளியின்றி நெருக்கி அடித்த பனைமட்டையோ பயன்படுத்தலாம். காற்றோட்டத்தை முற்றாக அடைத்துவிடக் கூடாது. எச்சத்தின் நெடியும் வெக்கையும் கோழிக்கு நோயைத் தரும்.

கூட்டை நிலத்திலிருந்து மூன்று அடி உயரத்தில் கால்களின் மேல் அமைப்பது நல்லது. ஒவ்வொரு காலையும் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு வழவழப்பான தகரத்தை இறுக்கி அடித்தால் எலியும் மரநாயும் பற்றி ஏற முடியாது. கால்களில் தடிகளைச் சாய்த்து வைத்தால் அந்தத் தகரத்தால் பயனில்லை. கூட்டின் மேல் தாழ்ந்திருக்கும் மாங்கொப்பையும் முருங்கைக் கொப்பையும் வெட்டிவிடுங்கள். கூடு வேலியையும் வீட்டுக் கூரையையும் தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. அதே வேளை வீட்டின் யன்னலிலிருந்து பார்த்தால் கூடு தெரிய வேண்டும்.

நிலத்திலேயே கூடு இருந்தால் தோண்டி வருபவற்றைத் தடுக்க வேண்டும். சுவரின் அடியிலிருந்து வெளிப்புறமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையை நிலத்தில் படுக்கையாக விரித்து, மேலே கல்லடுக்கி மண் போட்டு மூடிவிடுங்கள். நரியும் நாயும் கீரியும் சுவரோரத்தில்தான் தோண்டத் தொடங்கும். அங்கே வலை தட்டுப்பட்டதும் விட்டுவிடும். பின்னுக்குத் தள்ளி நின்று தோண்ட வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியாது.

கோழிகள் உறங்கும் குறுக்குத்தடி சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். வலையை ஒட்டி உறங்கும் கோழியின் காலையோ தலையையோ வெளியிலிருந்தே கடித்து இழுப்பதுண்டு. ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி இடமாவது வேண்டும்.

கதவுக்கு ஒரு கொண்டி போதாது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொண்டி போட்டால் மற்றப் பக்கத்தைத் தள்ளி இடுக்கினூடே நுழையலாம். பூட்டுப் போட முடிந்தால் இன்னும் நல்லது.

வேலை முடிந்ததும் ஒரு பரிசோதனை செய்யுங்கள். இருட்டத் தொடங்கும் நேரத்தில், கோழிகள் அடைவதற்கு முன், ரோர்ச்சை எரியவிட்டுக் கூட்டின் உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். வெளியே நின்று சுற்றிப் பாருங்கள். வலை அடித்த இடத்தைத் தவிர வேறு எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் பாம்புக்கும் எலிக்கும் வழி இருக்கிறது. கரித்துண்டால் அடையாளம் இட்டு, மறுநாள் பகலில் அடைத்துவிடலாம். எங்கள் சங்கத்தில் ஒவ்வொரு கூட்டையும் இப்படித்தான் பார்க்கிறோம். பலமான கூடு என்று நாங்கள் நினைத்தவற்றிலும் ஏழெட்டு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

எலி போனால் பாம்பும் போகும்

கோழிக்கூட்டுக்குப் பாம்பு வருவது கோழிக்காக மட்டும் அல்ல. சிந்திய தீனிக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். ஆகவே மாலையில் மிஞ்சிய தீனியை எடுத்துவிடுங்கள். தவிடும் நெல்லும் மூடியுள்ள தகர வாளியில் இருக்கட்டும். கூட்டுக்குப் பக்கத்தில் விறகு, கிடுகு, பழைய ஓடு, தறப்பாள் ஆகியவற்றைக் குவித்து வைக்க வேண்டாம். அவற்றின் அடியில்தான் பாம்பு படுத்திருக்கும்.

முட்டை எடுக்கும்போது வெளிச்சமில்லாமல் கூட்டுக்குள் கையை விடக் கூடாது. பிள்ளைகளையும் அவ்வாறு அனுப்பக் கூடாது. முதலில் ரோர்ச் அடித்துப் பார்த்து, ஒரு தடியால் வைக்கோலைக் கிளறிய பின்பே கை வையுங்கள். மண்ணெண்ணெய் தெளித்தால் பாம்பு வராது, உள்ளி தொங்கவிட்டால் வராது என்று பலரும் சொல்வார்கள். அவற்றை நம்பி ஓட்டையை அடைக்காமல் விட வேண்டாம்.

பகலில் குஞ்சுகளைக் காப்பது

குஞ்சு பொரித்த முதல் ஐந்தாறு வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. அடைக்கோழி முட்டையோடு இருக்கும் நாட்களிலும், குஞ்சு பொரித்த பின்பும் இரவில் பலமான கூட்டுக்குள்தான் இருக்க வேண்டும். குசினி மூலையில் கடகத்தில் அடைவைப்பவர்கள் எலிப்பொந்து இல்லாத மூலையாகப் பார்க்க வேண்டும்.

பகலில் குஞ்சுகளைக் கரப்பின் கீழ் கவிழ்த்து வைத்து வளர்த்தவர்கள் எங்கள் அம்மாமார். அந்த முறை இன்றைக்கும் நல்லது. நிழலில் வைத்து, தண்ணீரும் தீனியும் உள்ளே வையுங்கள். நாய் தட்டிவிடாமல் இருக்க மேலே ஒரு கல்லை ஏற்றுங்கள். சற்று வளர்ந்ததும் சிறு அடைப்பு ஒன்றுக்குள் விடலாம். அதன் மேற்புறத்தில் பழைய மீன்வலையை இழுத்துக் கட்டினால் காகமும் பருந்தும் இறங்க முடியாது. கரையோரக் கிராமங்களில் பாவித்துக் கழித்த வலை கிடைக்கும். ஆனால் மீன்வலையை நிலமட்டத்தில் தொங்கவிட வேண்டாம். பாம்பு அதில் சிக்கிக்கொண்டால் அதை எடுப்பது உங்களுக்குத்தான் ஆபத்து.

மேலே மறைப்பு, கீழே வெளி என்பதை நினைவில் வையுங்கள். பாகல், புடோல், பசன் பழக் கொடிப் பந்தல் ஒன்று முற்றத்தில் இருந்தால் வல்லூற்றைக் கண்டதும் குஞ்சுகள் அதன் கீழ் ஓடி ஒளியும். வீட்டுக்குக் காயும் கிடைக்கும். ஆனால் நிலத்தோடு அடர்ந்த பற்றையைக் கூட்டின் அருகே வளரவிட்டால் கீரி அதில் பதுங்கி வரும். பளபளக்கும் பழைய இறுவட்டுகளைத் தொங்கவிடுவதும், சாக்குப் பொம்மை கட்டுவதும் சில நாட்களுக்குப் பயன் தரும். பறவைகள் பழகிவிட்டால் பயப்படமாட்டா. அடிக்கடி இடம் மாற்ற வேண்டும்.

நல்ல சேவல் ஒன்றை வைத்திருங்கள். வானத்தில் ஆபத்தைக் கண்டால் ஒரு குரலும், தரையில் வரும் விலங்கைக் கண்டால் வேறு குரலும் சேவல் எழுப்புவதை ஆராய்ச்சியாளர்களும் உறுதிப்படுத்தியுள்ளனர். சில நாள் காது கொடுத்துக் கேட்டால் உங்களுக்கும் வித்தியாசம் புரியும். முற்றத்தில் வேலையாக இருக்கும்போதே மேலே பார்ப்பதா, வேலியைப் பார்ப்பதா என்று தெரிந்துவிடும்.

மாலையில் கோழிகள் தாமாகக் கூட்டுக்கு வரப் பழக்குவதும் அவசியம். ஒரு வாரத்துக்குக் கூட்டுக்குள்ளேயே மாலைத் தீனியைப் போடுங்கள். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. அதனால் மரத்தில் உறங்கும் கோழி மரநாயிடமிருந்து தப்புவது கடினம். ஒவ்வொரு மாலையும் எண்ணிப் பார்த்த பின்பே கொண்டியைப் போடுங்கள்.

லவ் பேட்ஸ், புறா வளர்ப்போருக்கு

கோழி வளர்க்க முற்றம் இல்லாத சகோதரிகள் சிலர் லவ் பேட்ஸ் வளர்த்து விற்று வருமானம் பெறுகின்றனர். இச்சிறு பறவைகளுக்குப் பூனையும் எலியும் பாம்பும் பெரும் எதிரிகள். கூட்டின் உள்ளே நுழையாமலே பூனை அவற்றைக் கொல்லக்கூடும். வலையில் தொங்கும் பறவையின் காலை நகத்தால் இழுத்துவிடும். இரவில் திடுக்கிட்டுப் பறந்து வலையில் மோதி இறப்பவையும் உண்டு. ஆகவே வலையை இரண்டு அடுக்காக, நடுவே இரண்டு அங்குல இடைவெளி விட்டு அடியுங்கள். இரவில் மூன்று பக்கத்தைச் சாக்காலோ துணியாலோ மூடிவிடுங்கள். கதவு ஒன்றைத் திறந்து உள்ளே போய் அதைச் சாத்திய பின்பே அடுத்த கதவைத் திறக்கும்படி இரட்டைக் கதவு அமைத்தால் பறவைகள் வெளியே பறந்துவிடா. கிழங்குப் பானையிலோ பெட்டியிலோ முட்டையிடும் இடத்தைப் பகலில் ஒருமுறை பாருங்கள். புறாக்கூட்டை ஒற்றைத் தூணின் மேல் வைத்து, தூணில் தகரம் சுற்றுவது நல்ல பாதுகாப்பு.

இவற்றைச் செய்ய வேண்டாம்

கோபத்தில் சிலர் இறந்த கோழியில் நஞ்சு தடவி வைக்கின்றனர். நஞ்சுக்கு மரநாயும் வீட்டு நாயும் ஒன்றுதான். தவழும் குழந்தையின் கையிலும் அது படும். கூட்டைச் சுற்றி மின்சாரக் கம்பி இழுப்பதால் நாட்டில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றமும் ஆகும். இரையில் வெடி வைப்பதும் அவ்வாறே. வெடி என்ற சொல்லையே எங்கள் முற்றங்களில் இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. வெங்கிணாந்தி, மீன்பிடிப் பூனை போன்றவற்றைக் கொல்வதை 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் தடுக்கிறது. கூட்டுக்குள் பெரிய பாம்பு அகப்பட்டால் தள்ளி நின்று, வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

கோழியைக் கவ்விக்கொண்டு ஓடும் விலங்கைத் துரத்திப் பற்றைக்குள் போக வேண்டாம். பிள்ளைகளைப் போக விடவே வேண்டாம். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017ஆம் ஆண்டு இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிப்பதற்கான காலக்கெடு 2028 யூன். துப்புரவாக்கப்பட்டதாக அறிவிக்கப்படாத பற்றைக்குள் தடி வெட்டவோ, கூட்டுக்கு இரும்பு பொறுக்கவோ போகாதீர்கள். மண் தோண்டும்போது இனந்தெரியாத உலோகப் பொருள் தட்டுப்பட்டால் அப்படியே விட்டு, வந்த வழியே திரும்பிப் போய்ப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

கீரி, மரநாய், நரி, நாய் எது கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. நோய் வந்த பின்பு மருந்து இல்லை. பாம்பு தீண்டினால் கட்டுப்போடவோ கீறிவிடவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், பயம் தெளிவித்து, விரைவாகக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும்.

சேர்ந்து செய்வோம்

ஒரு வீட்டுக்காரி தனியாக ஒரு சுருள் வலை வாங்க முடியாது. ஐந்து வீடுகள் சேர்ந்தால் முடியும். எங்கள் சங்கத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் செய்கிறோம். முறை வைத்து ஒவ்வொரு வீட்டுக் கூட்டையும் திருத்துகிறோம். தனித்திருக்கும் பெண்ணின் வீடும், மாற்றுத்திறனாளி உள்ள வீடும் முதலில். ஆணி அடிக்கவும் குறடு பிடித்துக் கம்பி முறுக்கவும் எங்களில் பலர் இப்போது நன்றாகப் பழகிவிட்டார்கள். முன்பு ஆள் கூலி கொடுத்துச் செய்த வேலை அது.

இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறோம். இரவில் சந்தேகமான சத்தம் கேட்டால் கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்து வெறும் தட்டை மூன்று முறை தட்ட வேண்டும். கேட்ட வீட்டில் விளக்கை எரிய விட்டு அவர்களும் தட்டுவார்கள். இப்படி நாலு வீட்டில் விளக்கெரிந்து தட்டுச் சத்தம் எழுந்தால் நான்கு கால் எதிரியும் நிற்காது, இரண்டு கால் எதிரியும் நிற்கமாட்டார். கைத்தொலைபேசி உள்ளவர்கள் பக்கத்து வீட்டாரின் இலக்கத்தை அதில் பதிந்து வைத்திருங்கள்.

கதவு திறக்கமாட்டேன் என்று சொன்ன தங்கச்சியின் கூட்டைப் போன மாரிக்கு முன்பு திருத்தினோம். அரை அங்குல வலை, கால்களுக்குத் தகரம், இரண்டு கொண்டி, ஒரு பூட்டு. மாரிக்குள் ஒரு நாள் இரவு மரநாய் வந்து கூரையில் நடந்ததாம். கோழிகள் கத்தினவாம். அவள் தட்டை மூன்று முறை தட்டிவிட்டுப் பிள்ளைகளோடு படுத்துவிட்டாள். காலையில் கூரைத் தகரத்தில் சேற்றுக் காலடிகள் இருந்தன. கோழிகளை எண்ணிப் பார்த்தாள், பதினொன்றும் இருந்தன.